ரெண்டு ஸ்க்ரூ மட்டும்

இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க அம்மிணி. வெயில்ல நின்னுக்கிட்டு அந்த டிரைவரையே பாத்தா பஸ்ஸு கெளம்பிருமா? கெளம்பாது. ஆண்டகளூர் கேட்டுலயே எனக்குத் தெரியும். கியர் மாத்தறப்பல்லாம் காலுக்குக் கீழ டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, கேட்டீங்களா? அது ஜாயிண்ட்டு. கியர் பாக்ஸிலிருந்து பின்னாடி அச்சுக்கு நீளமா ஒரு ஷாப்ட்டு சுத்திக்கிட்டே போகுதில்லீங்க, அதோட மூட்டு. கண்டக்டர்கிட்டச் சொன்னேன், ‘தம்பி, இது மல்லூரு தாண்டாது’ன்னு. ‘பெருசு, டிக்கெட் வாங்கிட்டீங்கல்ல, பேசாம உக்காருங்க’ன்னுட்டான். இப்ப மல்லூரு தாண்டி அரை மைலு வந்திருக்கோம். அரை மைலு தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

பின்னாடி வர்ற பஸ்ஸுல ஏத்தி விடறேங்கறாங்க. வரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. கொஞ்சம் லேட்டாப் போனாத் தேவலைன்னுகூட இருக்குது.

எம் பேரு பெரியண்ணன். நாமக்கல்ல எந்த லாரிப் பட்டறையில வேணா ஜாயிண்ட்டு பெரியண்ணன்னு கேட்டுப் பாருங்க. நாப்பது வருசம் இந்த ஷாப்ட்டு வேலை ஒண்ணுதான். எஞ்சினைத் தொடமாட்டேன், பிரேக்கைத் தொடமாட்டேன். எஞ்சினு சுத்தும், சக்கரம் உருளணும், நடுவுல அந்தச் சுத்தைக் கொண்டுபோய்ச் சேக்கறது என் வேலை. நான் மாட்டுன ஜாயிண்ட்டு அஞ்சு வருசத்துக்குள்ள திரும்பி வந்ததுன்னு ஒருத்தன் சொல்லட்டும். பெருமைக்குச் சொல்லலை. பெருமைக்குத்தான் சொல்றேன், ஆனா உண்மை.

மடியில என்னன்னு பாக்கறீங்க. அப்பலிருந்தே பாக்கறீங்க. கெழவன் ஒரு பைய இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வர்றானே, உள்ள என்னவோன்னு. காருங்க. ரிமோட்டுல ஓடற பொம்மைக் காரு. சிரிங்க, பரவால்ல, நானும் சிரிச்சவன்தான். ஆனா இது வேகமா ஓடற சாதி இல்லை, பாறை ஏறற சாதி. ராக் கிராலர்னு பேரு. இது போறதைப் பாத்தா உங்களுக்குத் தூக்கம் வந்துரும். ஒரு கல்லு முன்னால வந்து நிக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி வைக்கும். அப்புறம் நெதானமா பின் சக்கரம். சேத்துக் குட்டையிலிருந்து எருமை கரையேறும் பாருங்க, அப்படி.

பேரன் பேத்தின்னு எனக்கு யாரும் இல்லீங்க. இது எம் மாப்பிள்ளையோடது. லோகேஸ்வரன். முப்பத்தஞ்சு வயசு ஆளு. சேலத்துல ஒரு பாலிடெக்னிக்குல மெக்கானிக்கல் லேப்புல வேலை. லேத்து, டிரில்லிங் மிஷினு, அளவெடுக்கற சாமான், எல்லாம் அவரு பொறுப்பு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, அப்புறம் வரும்.

வாங்கிக் குடுத்தது எம் பொண்ணு. கல்யாணமான மொத வருசம், அவரு பொறந்த நாளைக்கு. நான் அவரு முன்னாலயே சொன்னேன், ‘ஏம்மா, உன்னைக் கட்டிக் குடுத்தது ஆம்பளைக்கா, அஞ்சாங்கிளாஸ் பையனுக்கா?’ன்னு. அவரு சிரிச்சாரு. எதுக்கும் சிரிப்பாரு, வாயத் தொறந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாப் பெருசு. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்ப பாக்கறவங்ககிட்டல்லாம் பேசறேன்ல, இது இந்த ஒரு வருசமா வந்த வியாதி.

ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் சேலத்துலிருந்து வந்துருவாங்க. எங்க ஊட்டுக்குப் பின்னால ஒரு பாறை இருக்குது. நாமக்கல்ல பாறைக்கென்ன பஞ்சம்? அதுல இதை ஏத்துவாங்க. ரிமோட்டு அவரு கையில. இவ அது பக்கத்துலயே தவழ்ந்துக்கிட்டு, ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ லெஃப்ட்டு, லெஃப்ட்டு’ன்னு கத்துவா. தெருவே கேக்கும். எதுவரைக்கும் ஏறுதோ அங்க ஒரு கோடு போடுவா. லாரிக்கு நம்பர் எழுதற மஞ்ச பெயிண்ட்டு பட்டறையில கெடக்குமில்லீங்க, அதை எடுத்துட்டு வந்து. கோடு வாரா வாரம் மேல போச்சு. கடைசிக் கோடு எம் நெஞ்சு உசரத்துல. அதுக்கு மேல பாறையில ஒரு வெடிப்பு இருக்குது, அதை இது தாண்டலை. ‘அடுத்த வாரம் தாண்டுதா இல்லையா பாருங்கப்பா’ன்னு சொல்லிட்டுப் போனா.

அடுத்த வாரம் காய்ச்சல். மூணு நாளுதான். நாலாம் நாளு எம் பொண்ணு இல்லீங்க. வினோதினி. இருபத்தெட்டு வயசு.

இல்லீங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். மூணு வருசம் ஆயிருச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுவாரம், மாப்பிள்ளையோட அம்மா ஒரு மினி லாரியில சாமானெல்லாம் ஏத்தி அனுப்பிட்டாங்க. கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, நாங்க சீரா வச்சது அத்தனையும். தப்புச் சொல்ல முடியாதுங்க, கொழந்தையும் இல்லை, முறைதான் அது. கட்டிலை எறக்கறப்ப ஒரு பக்கம் நான் பிடிச்சேன், ஒரு பக்கம் மாப்பிள்ளை பிடிச்சாரு. எறக்கி வச்சுட்டு, ‘வரேன் மாமா’ன்னாரு. ‘சரிங்க’ன்னேன். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொண்ணே இல்லை, அப்புறம் மாமன் ஏது மாப்பிள்ளை ஏது?

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம காலைல பத்து மணி. வாசல்ல நிக்கறாரு. கையில இந்தப் பை.

‘மாமா, இதுல ஷாப்ட்டு நழுவுது. கொஞ்சம் பாக்கறீங்களா?’

நான் வாங்கிப் பாத்தேன். இங்க பாருங்க, திருப்பிக் காட்டறேன். நடுவுல மோட்டாரு. அதுலிருந்து முன் அச்சுக்கு ஒரு குச்சி, பின் அச்சுக்கு ஒரு குச்சி. நம்ம லாரி ஷாப்ட்டேதான், விரல் நீளத்துக்குச் சுருக்கி வச்சிருக்கான். இந்தப் பின்னாடிக் குச்சிக்கு ரெண்டு முனையிலயும் ஒரு குப்பி மாதிரி இருக்குதா? அது மோட்டார்லயும் அச்சுலயும் நீட்டிக்கிட்டிருக்கற கம்பி மேல உக்காந்து, பக்கவாட்டுல தலையில்லாத ஒரு சின்ன ஸ்க்ரூ கடிச்சுப் பிடிக்குது. அந்த ஸ்க்ரூ தளந்தா குச்சி மட்டும் சுத்தும், பின் சக்கரம் நிக்கும். மோட்டாரு கத்தும், வண்டி ஏறாது. அதுதான் நழுவறது. முனைக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ.

‘இதுக்கா சேலத்துலிருந்து வந்தீங்க?’ன்னு கேட்டேன். ‘ஆமாங்க மாமா’ன்னாரு. மெக்கானிக்கல் லேப்புல வேலை பாக்கறவரு! நான் மனசுக்குள்ள, படிச்சு என்ன பிரயோஜனம், ஒரு ஸ்க்ரூ முறுக்கத் தெரியலையேன்னு நெனச்சுக்கிட்டேன். கழட்டி, தொடச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நல்லா முறுக்கிக் குடுத்தேன். எண்ணெய் விடாம எங்கையிலிருந்து ஒரு சாமான் வெளிய போகாதுங்க. அது எம் பழக்கம். எம் பொண்டாட்டி ருக்மணி சோறு போட்டா. சாப்ட்டுட்டுப் போனாரு.

அடுத்த ஞாயிறு வந்துட்டாரு. நழுவுது.

அதுக்கடுத்த ஞாயிறும் நழுவுது. நான் கம்பியில ஸ்க்ரூ கடிக்கற எடத்தை அரத்துல ராவித் தட்டையாக்குனேன். ஒரு வாரம். ஸ்க்ரூவே புதுசாப் போட்டேன். ஒரு வாரம். பித்தளைத் தகடு மெல்லிசா வெட்டி உள்ள சுத்துனேன். அது ரெண்டு வாரம் தாங்குச்சு. நடுவுல ஒரு ஞாயிறு அவரு வரலைன்னதும் எங்க ஊட்டுக்காரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா. குச்சி பிளாஸ்டிக்குங்கறதாலதான் இந்தக் கூத்துன்னு, லேத்துக்காரன்கிட்டக் குடுத்து இரும்புலயே கடைஞ்சு வாங்கிப் போட்டேன். அதுவும் நழுவுது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் மட்டும் மறக்காம விட்டேன்.

ஒண்ணரை வருசம் அம்மிணி. பத்து மணிக்கு வருவாரு. ரெண்டு பேரும், சாமானைக் கவ்விப் பிடிக்கற வைஸுக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காருவோம். நான் கழட்டுவேன், அவரு ஸ்க்ரூவை உள்ளங்கையில வாங்கிக்குவாரு. குனிஞ்சு குனிஞ்சு ரெண்டு பேர் தலையும் முட்டிக்கும். பேச மாட்டோம். அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒருக்கா சாப்பிடறப்ப, ‘அத்தை, ரசம் அப்படியே...’ன்னு ஆரம்பிச்சாரு. அப்படியே நிறுத்திக்கிட்டாரு. ருக்மணி இன்னொரு கரண்டி ஊத்திட்டு உள்ள போயிட்டா. அப்புறம் பாறைக்குப் போவோம். வண்டி ஏறும், அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழ வர்றப்ப நழுவும். ‘அடுத்த வாரம் பாப்போம் மாமா’ம்பாரு.

எனக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, அவரு வர்றதுல இல்லை. எங்கைவேலை ஒரு வாரத்துல திரும்பி வருதே, அதுல. பக்கத்துப் பட்டறை கொழந்தவேலு இருக்கானே, அவன் சும்மா இருப்பானா? ‘ஏண்ணா, பதினாறு சக்கர லாரி உன் கை பட்டா அஞ்சு வருசம் ஓடுது, ஒரு பொம்மை ஒரு வாரம் ஓட மாட்டேங்குதா?’ன்னான். நாலு பேரு முன்னால. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போயிருச்சு.

அந்த வாரம் வண்டியை வச்சுட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். ஸ்க்ரூவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்னு ரெண்டையும் கழட்டி டப்பாவுல போட்டேன். ரெண்டு முனையிலயும் குப்பியையும் கம்பியையும் சேத்து ஊடால ஓட்டை போட்டேன். இரும்புப் பின்னு சொருகி ரெண்டு பக்கமும் தட்டி ரிவிட்டு அடிச்சேன். இனி வண்டி ஒடையலாம், ஷாப்ட்டு நழுவாது.

ஓட்டை போடறப்ப ருக்மணி வந்து நின்னா. ‘வேண்டாங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே’ன்னா. ‘எது பாட்டுக்கு?’ன்னேன். ‘உனக்கென்ன தெரியும் இந்த வேலையப் பத்தி’ன்னு டிரில்லைப் போட்டேன்.

ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வந்தாரு. கையில குடுத்து, ‘சுத்திப் பாருங்க’ன்னேன். சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்திப் பாத்தாரு. பின்னைத் தடவிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ‘ரிவிட்டா மாமா?’ன்னாரு. ‘ஜென்மத்துக்கும் நழுவாது’ன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். வாங்க பாறைக்குன்னு நானே முன்னால நடந்தேன்.

ஏறுச்சுங்க. ஒரு எடத்துல நிக்கலை. அந்தக் கோடு வந்துச்சு, தாண்டுச்சு. வெடிப்புல முன் சக்கரத்தை வச்சு, பின் சக்கரத்தை வச்சு, ஏறி உச்சியில போய் நின்னுச்சு. நான் கை தட்டறேன் அம்மிணி. கிறுக்கன் மாதிரி கை தட்டறேன். திரும்பிப் பாக்கறேன், மாப்பிள்ளை அழுதுட்டிருக்காரு. சத்தமில்லாம. ரிமோட்டை நெஞ்சோட வச்சுக்கிட்டு. சரி, சந்தோசத்துல அழறாரு, அவ ஆசைப்பட்டது நடந்துருச்சேன்னு அழறாருன்னு நான் எடுத்துக்கிட்டேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அவரு வண்டியைத் திருப்பி, மெதுவாக் கீழ எறக்கி, கோட்டுக்குக் கீழ கொண்டாந்து நிறுத்துனாரு. ‘நல்லா இருக்குங்க மாமா’ன்னாரு. அன்னிக்குச் சோறு பாதி எலையில கெடந்துச்சு.

அடுத்த ஞாயிறு வரலை. போன் பண்ணேன். ‘வண்டி எப்படி?’ ‘நல்லா ஓடுதுங்க மாமா.’ ‘சரி, வச்சுடறேன்.’ வேற என்ன பேசறதுங்க? அதுக்கடுத்த வாரமும் இதேதான். ருக்மணி அரிசி அளக்கறப்ப ஒரு ஆளுக்குச் சேத்துப் போட்டுட்டு, ஒரு மணிக்கு அப்புறம் எடுத்து வைப்பா.

ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஞாயிறு வந்தாரு, சும்மா. கையில பையில்லை. நான் பட்டறை வாசல்ல ஒரு லாரிக்காரன்கூட நின்னுக்கிட்டிருந்தேன். ‘வாங்க மாப்ள, வண்டி எங்க?’ன்னேன். ‘அது நல்லா இருக்குங்க மாமா. சும்மாதான் வந்தேன்.’ நான் சிரிச்சுக்கிட்டே, ‘வண்டியில்லாம எதுக்கு வந்தீங்க?’ன்னு கேட்டுட்டேன். வெளையாட்டுக்குங்க! லாரிக்காரன் சிரிச்சான், அவருந்தான் சிரிச்சாரு. ஸ்டூல்ல பத்து நிமிசம் உக்காந்தாரு. நான் உள்ள போய் ஒரு வேலையப் பாத்தேன். எனக்குக் கையில சாமான் இல்லாம ஒரு மனுசன்கூட உக்காரத் தெரியாதுங்க, பழக்கமில்லை. திரும்பி வந்து பாத்தா ஸ்டூல் மட்டும் இருக்குது. ருக்மணி அன்னிக்குக் கோயிலுக்குப் போயிருந்தா. அவருக்குச் சோறுகூடப் போடலை நான்.

அப்புறம் அவங்க அம்மா பொண்ணு பாத்துட்டாங்க. பாக்கத்தான் செய்வாங்க. முப்பத்தஞ்சு வயசு, எத்தனை நாளைக்கு ஒத்தையா இருப்பாரு? பத்திரிகை வைக்க அம்மாவும் மகனும் வந்தாங்க. தட்டு, பழம், வெத்தலபாக்கு. ‘நீங்க ரெண்டு பேரும் முன்னால நின்னு நடத்தணும் மாமா’ன்னாரு. நான் பத்திரிகையை வாங்கி ஜன்னல்ல வச்சுட்டு, ‘பட்டறையில வேலை இருக்குது, பாப்போம்’னேன். கெளம்பறப்ப இந்தப் பையை எடுத்து வைஸு மேல வச்சாரு. ‘இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா.’

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? அன்னிக்கு மினி லாரியில வராத சாமான் இது ஒண்ணுதான். இதையும் கொண்டாந்து எறக்கிட்டாரு. புது வாழ்க்கை, பழசெல்லாம் எதுக்குன்னு. வேலை முடியற வரைக்கும் மாமா மாமா, வேலை முடிஞ்சதும் ஆளைக் காணோம், இப்ப அவ குடுத்ததையும் திருப்பிக் குடுத்தாச்சு. கல்யாணத்துக்கு நான் போகலை. ருக்மணியையும் போக விடலை. அவ அன்னிக்கு முழுக்கச் சாப்பிடலை.

சும்மா இருக்க முடியலைங்க எனக்கு. போன ஞாயித்துக்கெழம இதை எடுத்து, கழட்டி எண்ணெய் போட்டு வைப்போம்னு ஒவ்வொரு ஸ்க்ரூவாக் கழட்டறேன். ஒண்ணும் லேசுல வரலை. ஒவ்வொண்ணும் கறுக்குன்னு ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் வருது, மரையெல்லாம் நீலமா என்னமோ ஒட்டிக் காஞ்சிருக்குது. பையோட ஓரத்துல பாத்தா ஒரு சின்ன பாட்டில், அதே நீலம், பாதி தீந்திருக்குது. அந்த பாட்டிலையும் வண்டியையும் எடுத்துட்டு போல்ட் கடைக்குப் போனேன். கடைக்காரன் சொல்றான், ‘இது ஸ்க்ரூவுக்கு விடற பசைண்ணா. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமத் தொடச்சுட்டு ஒரு சொட்டு விட்டா எத்தனை ஆட்டம் ஆடினாலும் தளராது. இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்களுக்கு மொதப் பாடமே இதுதான். நீங்கதான் ரிவிட்டைக் கட்டிக்கிட்டு அழறீங்க.’

நான் ஊட்டுக்கு வந்து உக்காந்து எண்ணினேன். வண்டி முழுக்க இருபத்தாறு ஸ்க்ரூ. இருபத்துநாலுலயும் நீலம் இருக்குது. ஷாப்ட்டு ஸ்க்ரூ ரெண்டும் என் டப்பாவுலயே கெடக்குது. ஒண்ணரை வருசம் என் கையால கழட்டி மாட்டினது, அதுல ஒரு நாளும் நான் நீலத்தைப் பாத்ததில்லை. அந்த ரெண்டு ஸ்க்ரூவுக்கு மட்டும் போடலை.

கோவம்னா கோவம் எனக்கு. ருக்மணியைக் கூப்பிட்டேன். ‘பாத்தியா உன் மாப்பிள்ளை லட்சணத்தை? மருந்தைக் கையில வச்சுக்கிட்டே ஒண்ணரை வருசம் என்னை முட்டாளாக்கியிருக்காரு. எல்லாத்துக்கும் போட்டவரு இதுக்குப் போட மறந்துட்டாராமா?’ன்னு கத்தறேன்.

அவ பாத்திரம் கழுவிட்டிருந்தா. திரும்பாமயே, ‘மறக்கலைங்க அவரு’ன்னா.

குழாயை மூடிட்டுச் சொன்னா, ‘பொண்ணு இல்லாத ஊட்டுக்கு அவரு என்னன்னு சொல்லிட்டு வருவாருங்க? கையில ஒரு வேலை இருந்தா வரலாம். அதான் அதை அப்படியே வச்சிருந்தாரு. அந்த வழியை நீங்க அடைச்சுட்டீங்க.’

‘எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?’ன்னேன்.

‘யார்கிட்ட? வண்டியில்லாம எதுக்கு வந்தீங்கன்னு கேட்டீங்களாமே, அந்த ஆளுகிட்டயா?’ன்னா. எப்படியோ அவளுக்கு அது தெரிஞ்சிருக்குது. கல்யாணத்துக்கு முன்னால அவகூடப் போன்ல பேசியிருக்காரு போல.

நான் போய் பாறையடியில உக்காந்துட்டேன். அந்தக் கோட்டைக் கையால தொட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். எம் பொண்ணு செத்தப்பகூட நான் அப்படி அழுததில்லை அம்மிணி. ஆம்பளை நாலு பேருக்கு முன்னால அழக்கூடாதுன்னு அன்னிக்கு இருந்துட்டேன். அன்னிக்குச் சேத்து இப்ப அழுதேன்.

சரி விடுங்க. மறுநாளு ரெண்டு பின்னையும் டிரில்லு போட்டு வெட்டி எடுத்துட்டேன். டப்பாவுல கெடந்த அதே ரெண்டு ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டினேன். பசையெல்லாம் இல்லை. நல்லா எண்ணெய் விட்டிருக்கேன், வழக்கத்தைவிட ரெண்டு சொட்டு அதிகமாவே. இன்னிக்குக் காலைல எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். ருக்மணிகிட்ட, சேலத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். அவ சரின்னுட்டா. பையில ஒரு டப்பா எள்ளுருண்டை வச்சு விட்டிருக்கா. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போறவனுக்கு எள்ளுருண்டை எதுக்குங்க?

இன்னிக்கு ஞாயித்துக்கெழம, அவரு ஊட்ல இருப்பாரு. நான் வேற எதுக்கும் போகலை, இதைக் காட்டத்தான் போறேன். ‘மாப்ள, இதுல ஷாப்ட்டு நழுவுது. கொஞ்சம் பாக்கறீங்களா?’ இவ்வளவுதான் சொல்லப்போறேன். நாமக்கல்லிலிருந்து இதையே சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன். நடுவுல எங்கயோ வாய் குழறுது.

ஆனா ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நீங்க ஒரு பொம்பளை, அதனால கேக்கறேன். கதவை அந்தப் பொண்ணு தொறந்தா? கல்யாணமாயி நாப்பது நாளுதான் ஆகுது. கலைவாணின்னு பேரு, பத்திரிகையில இருந்துச்சு. நான் யாருன்னு சொல்றது? ‘உங்க ஊட்டுக்காரரோட மாமனாரு’ன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? அவளோட அப்பா இல்லீங்க அதுக்கு ஆளு? மெக்கானிக்குன்னு சொல்லிரலாமா? கையில வண்டி இருக்குது, நம்புவா.

...என்னங்க?

உள்ள வாங்கன்னு சொல்லுவாளா? நெசமா? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

சரி. சரிங்க. உங்க வாக்கு பலிக்கட்டும்.

அதோ பஸ்ஸு வருது பாருங்க. எல்லாரும் ஓடறாங்க. ஓடட்டும், நம்மளை விட்டுட்டுப் போகமாட்டான், அந்தக் கண்டக்டர் எண்ணிட்டுத்தான் ஏத்தணும். ஒரே நிமிசம் இருங்க அம்மிணி. கடைசியா ஒருக்கா பாத்துக்கறேன். மோட்டாரு பக்கத்தை இந்தக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்தச் சக்கரத்தை இப்படிச் சுத்தினா...

ஐயோ.

பிடிக்குதுங்க. நழுவலை. பாருங்களேன், கல்லு மாதிரி பிடிக்குது. எனக்குத் தெரியாமயே முறுக்கிட்டேன். கை பாட்டுக்கு முறுக்கியிருக்குது. இதை எடுத்துட்டுப் போய் நழுவுதுன்னு எப்படிக் காட்டறது? அவரு சுத்திப் பாத்துட்டு, ‘நல்லாத்தான இருக்குது மாமா’ன்னு திருப்பிக் குடுத்துட்டா? எள்ளுருண்டையைக் குடுத்துட்டு வாசலோட வர வேண்டியதுதான்.

இந்த ஸ்க்ரூ திருப்பற ஆலன் கீ இருக்குது, பையில சைடுல. இதோ. இந்த ஓட்டைக்குள்ள விடணும்... தெரியலைங்க. அம்மிணி, உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்குமில்ல? நீங்க கொஞ்சம் பண்ணுங்க. கையில எண்ணெய் ஆகும், தப்பா நெனைக்காதீங்க, எந் துண்டுல தொடச்சுக்கலாம்.

ஆங், அதுதான். உள்ள உக்காந்துருச்சா? இப்படி எதிர்ப்பக்கமாத் திருப்புங்க. நாப்பது வருசத்துல இப்படி வேணும்னே தளத்தறது இதுதான் மொதத் தடவை. அரை சுத்துப் போதும். ரொம்பத் தளத்திட்டா ஸ்க்ரூ விழுந்துரும், அப்புறம் வழியில காணாமப் போயிரும். இன்னும் கொஞ்சம். போதும், போதும்.

இப்ப சுத்திப் பாருங்க. நீங்களே சுத்துங்க. நான் பாக்கலை.

நழுவுதுங்களா?

நல்லா நழுவுதுங்களா? சரி வாங்க, ஏறுவோம்.